கப்பல் செத்தல்

2024 பெப்ரவரி மாதக் கடைசியில் ஒரு வியாழன் இரவு. மறுநாளுக்கான பாடக் குறிப்பை எழுதி முடித்துவிட்டுப் படுக்கப் போன நேரத்தில் வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. இங்கே மணி பத்தரை. அழைத்தவன் இருந்த இடத்தில் மாலை ஆறு. அது ஜெனீவா.

சலாம் சொன்னான், சுகம் விசாரித்தான், குளிர் தாங்க முடியவில்லை என்றான். பிறகு கேட்டான்:

"சேர், உங்கட வாப்பா எழுபத்தேழாம் ஆண்டு செத்தல் மிளகாய் அந்தர் என்ன விலைக்கு வித்தாங்க? அதுக்கு அடுத்த வருஷம் என்ன விலைக்கு வித்தாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். வாப்பா மௌத்தாகி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ஆனால் அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நாடுகளின் வர்த்தகக் கொள்கைகளை ஆராய்கின்ற சர்வதேச அமைப்பு ஒன்றில் மூன்று மாதப் பயிலுநராக அவன் இருந்தான். அமைப்பின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆகவே எழுதவில்லை. அவனுடைய பெயரையும் எழுதவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், அது போதும்.

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளையை அண்டியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஏறக்குறைய இருபது வருடங்கள் கழித்து, யுத்தம் முடிந்த பின் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தோம். அவன் புத்தளத்து முகாமில் பிறந்தவன். காடு மூடிக் கிடந்த காணியைத் துப்பரவாக்கி அவன் தகப்பன் தகரக் கொட்டில் போட்டபோது அவனுக்குப் பத்து, பதினொரு வயதிருக்கும். பிறகு எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூகக் கல்வி படித்தான்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்த ஒரு விரிவுரையாளர், புவியியலைப் படத்தில் தொடங்காதே, பிள்ளையின் அடுப்படியில் தொடங்கு என்பார். அவர் சொன்னவற்றில் நான் மறக்காமல் வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான். ஒருநாள் வகுப்பில், வீட்டுப் பெரியவர்களிடம் ஏதாவது ஒரு பொருளின் பழைய விலையைக் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். பாண், மண்ணெண்ணெய், சைக்கிள், தேங்காய் என்று எழுதி வந்தார்கள். என் பங்குக்கு வாப்பாவின் செத்தல் மிளகாய்க் கதையைச் சொன்னேன். எழுபதுகளில் மிளகாய் செய்து கல்வீடு கட்டியதையும் உழவு இயந்திரம் வாங்கியதையும், பிறகு ஒரே போகத்தில் எல்லாம் சரிந்ததையும் சொன்னேன்.

"ஏன் சேர் விலை விழுந்தது?" என்று அவன் கேட்டான்.

"அரசாங்கம் மாறியது."

"அரசாங்கம் மாறினா மிளகாய்க்கு என்ன?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போதாது என்று அவன் முகத்தில் தெரிந்தது. மணியும் அடித்துவிட்டது.

உயர்தரத்தில் பொருளியல் எடுத்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். இறுதியாண்டில் இருந்தபோதுதான் ஜெனீவாவிலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாத உள்ளகப் பயிற்சி. தெரிவு செய்யப்பட்டிருக்கிறான். சம்பளம் இல்லை. விமான ரிக்கற், அறை வாடகை, சாப்பாடு, காப்புறுதி யாவும் அவன் பொறுப்பு.

அவனுடைய தகப்பன் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். நான் முடித்ததும் அவர் நெடுநேரம் பேசவில்லை.

"சேர், மேசன் வேலை பழகப் போற பொடியனுக்கும் பகல் சாப்பாடு குடுக்கிறாங்க. இது சம்பளமில்லாத வேலைக்கு நாங்க காசு கட்டி அனுப்புறதா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஐக்கிய நாடுகள் செயலகத்தில் பயிலுநர்களுக்குச் சம்பளம் இல்லை என்பது நெடுநாளைய விதி. உலக வர்த்தக அமைப்பு நாட்படி கொடுக்கிறது, உலக சுகாதார அமைப்பு 2020இலிருந்து உதவிப்பணம் கொடுக்கிறது. ஒரே நகரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இப்படி. 2015இல் நியூசிலாந்து இளைஞன் ஒருவன் ஜெனீவாவில் ஐ.நா. பயிலுநராக இருந்துகொண்டு ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிய செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கவனத்தைத் திருப்பத்தான் அப்படிச் செய்தேன் என்று அவனே பின்னர் ஒப்புக்கொண்டான். கூடாரம் அடித்தால் பத்திரிகைக்காரன் வருவான் என்கிற துணிவு நியூசிலாந்து கடவுச்சீட்டுக்கு உண்டு. முல்லைத்தீவுப் பொடியன் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தால் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சுவிஸ் பிராங் அப்போது முந்நூறு ரூபாவைத் தாண்டியிருந்தது. ஜெனீவாவில் ஒரு சிறிய அறையின் ஒரு மாத வாடகை என் நாலு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. 2022க்கு முன்னர் இதே கடிதம் வந்திருந்தால் ரூபாக் கணக்கில் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும். நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்ததன் பாரம் இந்தத் தகப்பனின் கையிலிருந்த கடிதத்திலும் ஏறி இருந்தது.

போகச் சொல்லுங்கள் என்று சொன்னது நான்தான். இதை மறைக்கக் கூடாது. உம்மாவின் மாலையும் இரண்டு சோடிக் காப்பும் அடகுக்குப் போயின. 1990இல் வெறுங்கழுத்தோடு வெளியேறிய பெண்கள் முப்பது வருடங்களாகச் சேர்த்த பவுண் அது. அடகுச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, ரிக்கற் காசுக்கு நான் யாரையாவது கேட்டே ஆக வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த பணக்காரர் ஒருவர்தான். கொழும்பில் இருக்கும் என் மாமாவின் மகன். அவரோடு எங்கள் குடும்பத்துக்கு நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பேச்சு வார்த்தை குறைவு. காரணம் செத்தல் மிளகாய்.

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் வெளிநாட்டுச் செலாவணி இல்லாத காரணத்தால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு என்று பலவற்றின் இறக்குமதியை இறுக்கியது. கறிக்கு மிளகாய் இல்லாமல் யாரும் இருக்க முடியாது. கப்பலில் வருவது நின்றால் நாட்டுக்குள் விளைவதற்குத்தான் விலை. யாழ்ப்பாணத்தின் தோட்டங்களும் வன்னியின் புதுக் காணிகளும் அந்த விலையில் எழும்பின. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்ற இளைஞர்கள் காடு வெட்டி மிளகாய் நட்டார்கள். வாப்பா திட்டத்தில் சேர்ந்தவரல்ல. கிணற்றடியில் இரண்டு ஏக்கர் செய்தவர். நீர் இறைக்கும் மெசின் இரவு பகலாக ஓடும் என்று உம்மா சொல்லுவா. பழம் ஆய்ந்து, குவித்து ஒரு நாள் வியர்க்கவிட்டு, பாயில் பரவிக் காயவைத்து, சாக்கில் மிதித்து அடைத்து லொறி ஏற்றினால் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் மாமா இறக்கி விற்பார். மாமா அங்கே மொத்தக் கடை வைத்திருந்தார். மச்சான் விளைவிக்க மச்சான் விற்றார். வீட்டுக்குள்ளேயே தோட்டமும் சந்தையும் இருந்தன. அந்தக் காலத்தைப் பற்றி உம்மா சொல்லும்போது குரலே வேறாக இருக்கும்.

1977 யூலைத் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தன வந்தார். நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அடுத்த போகத்துக்கு வாப்பா வழமை போலக் கன்று நட்டிருந்தார், முன்பணமும் வாங்கியிருந்தார். அறுவடை வரும்போது துறைமுகத்தில் மிளகாய் இறங்கிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் அதைக் கப்பல் செத்தல் என்றார்கள். ஊர்ச் செத்தலைக் கேட்பாரில்லை. மாமாவும் கப்பல் செத்தல் விற்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு வாப்பா அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை. மாமா எங்கள் உழைப்பைத் தின்று கொழுத்தார் என்ற கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். உம்மா அந்தக் கதை நடக்கும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவா. தன் நானாவையும் விட்டுக்கொடுக்க முடியாது, புருஷனையும் விட்டுக்கொடுக்க முடியாது.

காசு கேட்கக் கொழும்புக்குப் போன எனக்கு மாமாவின் மகன் தேநீர் தந்தார். விஷயத்தைக் கேட்டார். "பொடியன் எங்க போறான்? வர்த்தகக் கொள்கை படிக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "போய் ஒழுங்காப் படிக்கட்டும். ஒவ்வொரு மாசமும் வர்த்தமானி மாத்துற ஆக்களுக்கும் வந்து சொல்லிக் குடுக்கட்டும்." அவருக்கும் அவருடைய கவலை இருந்தது. விசேட வர்த்தகப் பண்ட அறவீடு என்று 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த வரி பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் போன்ற பொருட்களுக்கு அடிக்கடி ஏறி இறங்கும். கப்பல் கடலில் இருக்கும்போது வரி ஏறினால் வியாபாரிக்கு நட்டம், இறங்கினால் தோட்டக்காரனுக்கு நட்டம். ரிக்கற்றுக்கான காசை அன்றே தந்தார். கடனா நன்கொடையா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜெனீவாவில் அவனுக்குக் கொடுத்த வேலை நாங்கள் நினைத்தது போல மேசையைச் சுற்றி நாடுகள் பேசுவதைப் பார்ப்பதல்ல. பெரும்பாலும் கணினியில் அட்டவணை நிரப்புவது. உலகத்தில் சுங்கத்தைக் கடக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. முழுதாகக் காய்ந்த மிளகாய் 090421. இடித்த தூள் 090422. "சேர், நம்மட செத்தலுக்கு உலகம் முழுக்க ஒரே பேர்" என்று முதல் வாரமே செய்தி அனுப்பியிருந்தான்.

வரி ஒரு பக்கம். வரியல்லாத தடைகள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு நாட்டின் வர்த்தமானியையும் வாசித்து, எந்தத் தடை எந்த வகை என்று எழுத்துப் போட வேண்டும். மனித, பயிர், விலங்கு நலம் கருதிய விதி என்றால் A. தொழில்நுட்ப விதி, சுற்றாடல் விதி என்றால் B. அனுமதிப்பத்திரம், பங்களவு, வேறு காரணத்துக்கான தடை என்றால் E. இலங்கையின் 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளைத் தடை அவன் கைக்கு வந்தபோது இரண்டு நாள் திணறியிருக்கிறான். மே மாதத்தில் வந்த தடை. அரசாங்கம் சொன்ன காரணம் மக்களின் ஆரோக்கியமும் சேதனப் பசளை விவசாயமும். ஊரில் எல்லாரும் பேசிய காரணம் டொலர் இல்லை என்பது. நவம்பரில் தடையை நீக்கினார்கள், அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அவன் தகப்பனின் வயலில் நெல் மஞ்சளித்து நின்றதை அவன் கண்ணால் பார்த்தவன். இதை A என்று போடுவதா, B என்று போடுவதா, E என்று போடுவதா?

அவனுக்கு மேலிருந்த அதிகாரி ஆபிரிக்க நாடொன்றைச் சேர்ந்த பெண்மணி. அரசாங்கம் அறிவித்த காரணத்தின்படிதான் எழுத்துப் போட வேண்டும், நாங்கள் அரசாங்கத்தின் மனதை வாசிப்பதில்லை என்றாராம். அவன் அப்படியே போட்டான். அன்றிரவு எனக்குப் போன் எடுத்து, "வாப்பாட்ட சொல்லாதீங்க சேர்" என்றான். இதில் சொல்லக் கூடாதது என்ன என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

ஜெனீவாவில் இலங்கையரின் கால் படாத இடம் அல்ல அது. காட் உடன்படிக்கையில் 1948இலேயே சேர்ந்த நாடு இலங்கை. ஐ.நா. வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக 1974 முதல் 1984 வரை பத்து வருடங்கள் இருந்தவர் காமினி கொரியா. ஏழை நாடுகள் விற்கும் தேயிலை, இறப்பர், கோப்பி, கொக்கோ போன்றவற்றின் விலை திடீரென்று விழாமல் இருக்கக் களஞ்சியம் வைத்துத் தாங்க வேண்டும் என்பது அவர் முன்னின்று நடத்திய திட்டம். 1976இல் நைரோபியில் அதற்குச் சம்மதம் கிடைத்தது. பொது நிதிக்கான உடன்படிக்கை 1980இல் எழுதப்பட்டு, நடைமுறைக்கு வர 1989 ஆனது. அதற்குள் உலகத்தின் காற்று மாறிவிட்டது. ஓர் இலங்கையர் ஜெனீவாவில் இருந்துகொண்டு விலை விழாமல் தாங்குவதைப் பற்றி வாதாடிய அதே வருடத்தில்தான் வாப்பாவின் மிளகாய் விழுந்திருக்கிறது. கொரியாவில் குற்றமில்லை. அவருடைய பட்டியலில் மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. ஏற்றுமதிப் பொருட்களைப் பற்றியது அது. உள்ளூரில் விளைந்து உள்ளூரில் விற்கிற சாமானுக்கு ஜெனீவாவில் வாசல் இல்லை.

இனி அந்த விலைக் கதைக்கு வருகிறேன். தெற்காசிய நாடுகளில் உணவுப் பொருட்களின் இறக்குமதியைத் திறந்தபோது சிறு விவசாயிக்கு என்ன நடந்தது என்று ஒரு பின்னணிக் குறிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அதில் இலங்கைக்கு ஒரு பெட்டிச் செய்தி. அவன் வன்னி மிளகாயைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆதாரம் எங்கே என்று அதிகாரி கேட்டிருக்கிறார். என் ஆசிரியரின் தகப்பன் என்று சொல்ல முடியுமா? அதனால்தான் அந்த இரவு அழைப்பு.

நான் தேடினேன். வாப்பா கணக்கெழுதிய கொப்பிகள் இருந்தன, ஆனால் 1990இல் விட்டுவிட்டு வந்த வீட்டில் இருந்தன. திரும்பி வந்தபோது வீட்டுக்கு அத்திவாரம்தான் மிச்சம். ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன், எழுபதுகளின் பதிவேடுகள் இல்லை என்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு விலை சொன்னார்கள். தொண்ணூறை நெருங்கிய ஒருவர், "விலையா மறந்துபோச்சு மகன், ஆனா அந்த வருஷம் வாங்கின ரேடியோவின்ட பேர் சொல்லட்டா?" என்றார்.

அவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் நான் கேட்காத ஒன்று வெளியில் வந்தது. எங்கள் மிளகாயை ஆய்ந்தது யார்? மலையகத்துச் சனங்கள். 1973, 74 தோட்டப் பஞ்சத்தில் அரிசியும் மாவும் கிடைக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தும் ரயிலிலும் வந்தவர்கள். அந்த வருடங்களில் தோட்டங்களில் சாவு எண்ணிக்கை கூடியது பதிவில் உள்ள விஷயம். "கூலி எவ்வளவு குடுத்தம்?" என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். "சோறு குடுத்தம். அதுக்கே வந்தாங்க."

எனக்கு அன்று இரவு நித்திரை சரியாக வரவில்லை. இறக்குமதியை மூடிய கொள்கை வாப்பாவுக்குக் கல்வீடு கட்டித் தந்தது. கொழும்பில் பாணுக்குக் கியூ நின்றவனையும், அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக முடியாமல் தவித்தவனையும் நாங்கள் ஒரு நாளும் கதையில் சேர்த்ததில்லை. தோட்டத்தில் பசியால் செத்தவர்களின் மிச்சமானவர்கள் வந்து எங்கள் பழம் ஆய்ந்தார்கள். இத்தனை வருடமும் வகுப்பில் நான் பாதிக் கதையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். 2020இல் உளுந்து இறக்குமதியை நிறுத்தியபோது வவுனியாவில் உளுந்து போட்டவர்கள் சந்தோஷப்பட்டதும், தோசைக்கு உளுந்து வாங்க முடியாமல் என் மனைவி என்னிடம் சண்டை பிடித்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.

இதை அவனுக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "பெட்டிச் செய்திக்கு நூற்றைம்பது சொல்தான் சேர் தந்திருக்கிறாங்க" என்றான்.

கடைசியாக மாமாவின் மகனுக்குப் போன் எடுத்தேன். கடையின் பழைய கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றனவா? மேல்மாடியில் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன, வந்து பார் என்றார். 1983 யூலையில் அந்தப் பகுதியில் எத்தனையோ கடைகள் எரிந்தன. இந்தக் கடை தப்பியிருக்கிறது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

நீள் வடிவப் புத்தகம். அரபுத் தமிழில் தேதி, தமிழில் சரக்கு. 1977ஆம் ஆண்டுப் பக்கங்களில் விசுவமடு, கிளிநொச்சி, முள்ளியவளை என்று ஊர்ப் பெயரின் கீழே நாளுக்கு நாள் சாக்குக் கணக்கு. எங்கள் வாப்பாவின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. 1978 நடுப்பகுதியில் ஊர்ப் பெயர்கள் வாரத்துக்கு ஒன்றாகின. பிறகு கோடு. அதற்குப் பக்கத்துப் பத்தியில் "கப்பல்" என்று புதுத் தலைப்புத் தொடங்குகிறது. அதன் பிறகு அந்தப் பத்தி நிரம்பி வழிகிறது. துறைமுகத்தில் இறங்கியது சுங்கத்தில் ஒரு முறை, கடையில் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் விளையாமல் போனதை எழுத எந்தக் கொப்பியும் இல்லை.

வாப்பாவின் பெயரில் கடைசிப் பதிவைத் தேடினேன். முன்பணம் என்று ஒரு தொகை. வந்த சரக்கின் பெறுமதி என்று அதைவிட மிகச் சிறிய ஒரு தொகை. மிச்சம் பாக்கி. அந்தப் பாக்கியின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் மாமாவின் கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது: "தங்கச்சி".

மாமாவின் மகன் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. கீழே கடையில் லொறி வந்து நின்று ஹோர்ன் அடித்தது, அவர் இறங்கிப் போனார்.

பக்கங்களை ஃபோனில் படமெடுத்து அனுப்பினேன். அதிகாரி பார்த்திருக்கிறார். ஒரு கடையின் கணக்கை வைத்து ஒரு நாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது என்றாராம், அது சரிதான். ஆனால் பெட்டிச் செய்தியில் ஒரு வசனம் நின்றது. முன்னறிவித்தல் இல்லாமல் பயிர் நிலத்தில் இருக்கும்போதே இறக்குமதியைத் திறப்பது, கடனோடு பயிரிட்டவர்களை அடுத்த போகத்துக்கு எழும்ப முடியாமல் செய்துவிடும் என்ற கருத்தில் ஒரு வசனம். அதற்கு முன்னால் இன்னொரு வசனம், மூடிய சந்தையின் விலையை நாட்டின் வறிய நுகர்வோர் சுமந்தார்கள் என்பது. இரண்டையும் தான்தான் எழுதியதாகவும் இரண்டாவதை வெட்டச் சொன்னபோது மறுத்ததாகவும் சொன்னான். குறிப்பின் கடைசியில் உதவியவர்களின் பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கின்றன. அவனுடையது நான்காவது.

ஏப்ரலில் திரும்பி வந்தான். பெருநாள் முடிந்திருந்தது. எனக்கு ஒரு சொக்லட் பெட்டியும் தகப்பனுக்கு ஒரு குளிர்ச் சட்டையும் கொண்டு வந்தான். முல்லைத்தீவு வெயிலில் அவர் அதை ஒரு நாள் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தார். அந்த அமைப்பில் தன்னோடு இருந்த பயிலுநர்களைப் பற்றிக் கேட்டேன். நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர் என்றான். யாரும் அடகு வைத்து வந்ததாகத் தெரியவில்லை என்றான். பகலுணவுக்கு அவர்கள் சிற்றுண்டிச்சாலைக்குப் போகும்போது இவன் அறையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் படிக்கட்டில் இருந்து சாப்பிட்டிருக்கிறான். அங்கிருந்து ஏரி தெரியுமாம்.

பரீட்சை எழுதி முடித்துவிட்டு இப்போது கொழும்பில் தற்காலிகமாக ஒரு வேலை பார்க்கிறான். மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். கிளிநொச்சியில் யுத்தத்துக்குப் பின் வந்த ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றி ஆராய வேண்டும் என்கிறான். ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையை 2010இல் இழந்து 2017இல் திரும்பப் பெற்ற நாடு இது, விடியற்காலையில் பஸ்ஸில் போகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தச் சலுகையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று கேட்கிறான். இந்த முறையும் என்னிடம் பதில் இல்லை.

காப்பு இரண்டு சோடியும் மீட்டாகிவிட்டது. மாலை இன்னும் அடகில் இருக்கிறது. உம்மா மௌத்தாவதற்கு முன்னால் மாமாவின் புத்தகத்தை அவவுக்குக் காட்டியிருக்கலாம் என்று எனக்கு இருக்கிறது. அவ மௌத்தானது 2016இல். தகரப் பெட்டி அதே மேல்மாடியில்தான் அப்போதும் இருந்திருக்கிறது.